வாசவதத்தையைப் படைத்த கொங்குவேளிர்

கொங்கு நாடு இன்று பனியனுக்கும் பின்னலாடைக்கும் பெயர் பெற்று விளங்குகின்றது. திருப்பூரிலிருந்து புறப்படும் ஆடைகள் கடல் கடந்து பல நாடுகளுக்குச் செல்கின்றன. வடமாவட்டங்களாகிய வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளை விட்டுத் தொழில் நாடி வெளியூர்களுக்குக் குடிபெயர்ந்த நம் சமணக் குடும்பங்களுக்குத் திருப்பூர் புதிய ஊராகத் தோன்றலாம். ஆயினும் அந்த மண் நமக்குப் புதியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு ஜினாலயங்கள் எழுந்தன, அறவோர் வாழ்ந்தனர், அரிய நூல்கள் பிறந்தன. திருப்பூரிலிருந்து ஈரோடு நோக்கிச் செல்லும் புகைவண்டி ஊத்துக்குளியைக் கடந்ததும் விசயமங்கலம் என்னும் நிலையத்தை அடைகின்றது. அவ்வூரே பெருங்கதை என்னும் பெருங்காப்பியத்தை நமக்கு அளித்த கொங்குவேளிரின் ஊர்.

அப்பெரியாரின் வரலாற்றையும், அவர் தீட்டிய வாசவதத்தை என்னும் பெண்மணியின் குணநலனையும் இக்கட்டுரையில் காண்போம். காப்பியத் தலைவியர் என்றாலே குற்றமற்ற பொற்பாவைகள் என்று எண்ணுவது நம் வழக்கம். கொங்குவேளிரோ தம் தலைவியைக் குற்றமும் குணமும் கலந்த பெண்ணாகப் படைத்தார். அருக நெறியில் நின்ற ஒரு புலவர் ஏன் அவ்வாறு செய்தார் என்பது நம் இல்லங்களில் ஆண்களும் பெண்களும் ஒருங்கே சிந்திக்கத்தக்க வினாவாகும்.

நாடும் ஊரும்

விசயமங்கலம் பழங்காலத்தில் குறும்பு நாடு என்னும் உட்பிரிவைச் சேர்ந்திருந்தது. விசயமங்கை என்றும் அதனை வழங்கினர். இன்று ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில் உள்ளது. இதனைச் சுற்றிலும் சமணத் தலங்கள் நெருங்கி அமைந்துள்ளன. சீனாபுரம், திங்களூர், வெள்ளோடு, பூந்துறை ஆகிய ஊர்களிலும் ஜினாலயங்கள் உண்டு. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரின் ஊர் சீனாபுரமே என்பர். சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்குநல்லாரின் நிரம்பை என்னும் ஊரும் இப்பகுதியைச் சார்ந்ததே. இலக்கணமும் காப்பியமும் உரையும் ஒரு சிறு வட்டாரத்துள் விளைந்தன என்றால், அங்கு எத்தகைய கல்விச் சூழல் நிலவியிருக்க வேண்டும் என்பதை நாம் உணரலாம்.

விசயமங்கலத்தில் எட்டாம் தீர்த்தங்கரராகிய சந்திரப்பிரப பகவானுக்கு எடுக்கப்பட்ட திருக்கோயில் நிற்கின்றது. அதன் உயர்ந்த கோபுரத்தைக் கண்ட ஊரார் நெட்டைக் கோபுரம் என்றே கோயிலுக்குப் பெயரிட்டு விட்டனர். கோயிலினுள் உள்ள ஐந்து உருவங்களைக் கொங்குவேளிரும் சங்கப் புலவர்களும் என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். சிரவணபெளகொளத்தில் கோமதீசுவரர் திருவுருவத்தை நிறுவிய சாமுண்டராயரின் தங்கையாகிய புளியப்பை என்னும் அம்மையார் இவ்வூரிலேயே சல்லேகனை நோன்பிருந்து உயிர் நீத்தார். அவர் நினைவாக நாட்டிய நிசீதிகைக் கல்லும் இங்கு உள்ளது.

கொங்குவேளிரின் வாழ்வு

வேளிர் என்பது பழந்தமிழகத்துக் குறுநிலத் தலைவர்களுக்கு உரிய பெயர். கொங்குவேளிர் விசயமங்கலத்தைத் தம் இருக்கையாகக் கொண்டு ஆட்சி புரிந்தவர். அருகன் அடி மறவாதவர். செல்வமும் அதிகாரமும் உடைய ஒருவர் தம் வாழ்நாளை ஒரு நூலுக்கென்று செலவிட்டார் என்பதே அவர் வரலாற்றில் முதற்கண் குறிக்கத்தக்கது. அவர் காலத்தை 7ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரை அறிஞர்கள் பலவாறு கணித்துள்ளனர்.

அவருடைய கல்விப் பரப்பை அடியார்க்குநல்லார் உரையால் அறிகின்றோம். இடைச்சங்க காலத்துச் செய்யுள் நூல்களை ஆராய்ந்து அவற்றின் நெறி நின்று உதயணன் கதையைக் கொங்குவேளிர் செய்தார் என்பது அவ்வுரையாசிரியரின் கருத்து. பழைய அகவல் நடையிலேயே நூல் முழுவதையும் அமைத்த திறம் இதற்குச் சான்றாகும்.

அவரைப் பற்றி இரண்டு மரபுச் செய்திகள் கொங்கு நாட்டில் வழங்குகின்றன. பெருங்கதையை முடிப்பதற்கு அவர் மூன்று பிறவிகள் எடுத்தார் என்பது ஒன்று. பிறவிதோறும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பாடினார் என்று கதை சொல்வர். இதனை நாம் சொல்லுக்குச் சொல் கொள்ள வேண்டுவதில்லை. நூலின் பெருக்கத்தையும் அதன் பின்னிருந்த உழைப்பையும் கண்டு வியந்த மக்கள், ஒரு பிறவியில் ஆகக்கூடிய செயலோ இது என்று மலைத்ததன் விளைவே இக்கதை.

மற்றொன்று நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. கொங்குவேளிரின் நூலைச் சோதிக்க விரும்பிய புலவர்கள் அவர் மாளிகைக்கு வந்து ஐயங்களை எழுப்பினராம். அவர்களுக்கு விடையளித்தவர் கொங்குவேளிர் அல்லர். அவர் வீட்டுப் பணிப்பெண் ஒருத்தியே அத்துணை ஐயங்களையும் தீர்த்து வைத்தாளாம். கொங்கு மண்டல சதகம் பாடிய கார்மேகக் கவிஞர் இச்செய்தியைக் கொங்கு நாட்டின் பெருமைகளுள் ஒன்றாக வைத்துப் போற்றுகின்றார். நடந்ததோ கற்பனையோ, ஒரு செய்தி இதனால் விளங்குகின்றது. கொங்குவேளிரின் இல்லத்தில் கல்வி ஆடவருக்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை என்றே அந்நாட்டு மக்கள் நம்பினர். பெண்களின் அறிவை மதித்த ஒருவரே பெண்களின் மனத்தையும் உள்ளவாறு எழுத வல்லவர் ஆவார்.

கதை வந்த வழி

பெருங்கதையின் மூலம் குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றிய பிருகத்கதை. அம்மூலம் மறைந்து போயிற்று. காசுமீரத்துச் சோமதேவரின் கதாசரித்சாகரம் முதலிய வடமொழி நூல்கள் வாயிலாகவே வடநாட்டார் அக்கதையை அறிகின்றனர். கங்க நாட்டரசனாகிய துர்விநீதன் 6ஆம் நூற்றாண்டில் பிருகத்கதையை வடமொழியில் ஆக்கினான் என்று செப்பேடு கூறுகின்றது. கங்கர்கள் சமணத்தைப் பேணியவர்கள். கொங்கு நாடும் அவர்கள் ஆட்சியோடு நெருங்கிய தொடர்பு உடையது. ஆதலின் துர்விநீதனின் நூலே கொங்குவேளிருக்கு வழிகாட்டியாய் இருந்திருக்கும் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் பெருங்கதை உஞ்சைக் காண்டம், இலாவாண காண்டம், மகத காண்டம், வத்தவ காண்டம், நரவாண காண்டம் என ஐந்து காண்டங்களை உடையது. முதலும் இறுதியும் சிதைந்த நிலையிலும் 16,000 அடிகளுக்குக் குறையாது நிற்கின்றது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் இதனை 1924ஆம் ஆண்டில் பதிப்பித்தார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலத்தில் கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் அவருக்கு அருகச் சமயக் கொள்கைகளை விளக்கி உதவியதை நம் சமூகம் நன்கறியும். பெருங்கதையில் விடுபட்ட பகுதிகளின் கதையை உதயணகுமார காவியம் என்னும் சிறு நூலால் அறிகின்றோம். அதனையும் ஐயரவர்களே 1935இல் வெளியிட்டார். அந்நூலை இயற்றியவர் கந்தியார் ஒருவர், அதாவது நம் சமயத்துப் பெண் துறவி ஒருவர், என்பது மரபு.

வாசவதத்தையின் கதை

வத்தவ நாட்டுக் கோசாம்பி நகரத்து அரசன் உதயணன் யாழ் வல்லவன். யானைகளை இசையால் வசப்படுத்துபவன். அவந்தி நாட்டு உஞ்சை நகரத்தரசன் பிரச்சோதனன் எந்திர யானை ஒன்றைக் காட்டி வஞ்சனையால் அவனைச் சிறைப்பிடித்தான். பின்னர் மதங்கொண்ட நளகிரி என்னும் யானையை உதயணன் அடக்கியதைக் கண்டு, தன் மகள் வாசவதத்தைக்கு யாழ் கற்பிக்கும் ஆசிரியனாக அவனை அமர்த்தினான். ஆசிரியனும் மாணவியும் காதலர் ஆயினர். உயிர்த்தோழனும் அமைச்சனுமாகிய யூகியின் சூழ்ச்சியால், நகரத்தார் நீராட்டு விழாவில் ஈடுபட்டிருந்த வேளையில், பத்திராபதி என்னும் பிடியின் மேல் வாசவதத்தையை ஏற்றிக்கொண்டு உதயணன் தப்பினான். தந்தையின் இசைவின்றி அவள் தாய் வீட்டை விட்டுச் சென்றாள்.

மணம் முடிந்தபின் இருவரும் இலாவாணத்தில் இன்பத்தில் மூழ்கினர். அரசன் ஆட்சியை மறந்தான். கோசாம்பியோ பாஞ்சால அரசன் ஆருணியின் கைப்பட்டிருந்தது. அரசனை மீண்டும் கடமையில் செலுத்த யூகி ஒரு கடுஞ்சூழ்ச்சி செய்தான். மாளிகை தீப்பற்றியது, தேவி இறந்தாள் என்று உலகம் நம்பியது. சாங்கியத்தாய் என்னும் தவமூதாட்டியின் காவலில் வாசவதத்தை மறைந்து வாழ்ந்தாள். கணவனின் நாடு மீளவேண்டும் என்பதற்காக அவள் அப்பிரிவுக்கு உடன்பட்டாள். உதயணன் துயருற்று மகத நாடு சென்றான். அந்நாட்டரசன் தருசகனின் தங்கை பதுமாபதியை மணந்தான். மகதப் படைத்துணை கொண்டு ஆருணியை வென்று கோசாம்பியை மீட்டான். அதன்பின் வாசவதத்தை வெளிப்பட்டாள். தான் இல்லாத காலத்தில் கணவன் மணந்த பதுமாபதியோடு பகைமை பாராட்டாது ஒருமித்து வாழத் தலைப்பட்டாள்.

இதுகாறும் அவள் பொறுமையின் வடிவமாகவே தோன்றுகின்றாள். வடமொழியில் பாசர் இயற்றிய சொப்பன வாசவதத்தம் என்னும் நாடகம் ஏறத்தாழ இந்த இடத்திலேயே முடிந்து விடுகின்றது. அந்நாடகத்துக் காண்போர் கண்டது தியாகத்தின் உருவமாகிய வாசவதத்தையை மட்டுமே. கொங்குவேளிர் அங்கு நிற்கவில்லை. கதையை மேலும் நடத்திச் செல்கின்றார்.

கத்தரிகை எடுத்த கை

ஆருணியின் அரண்மனையிலிருந்து வந்த மகளிருள் மானனீகை என்பவள் ஒருத்தி. அவள் கோசல நாட்டு அரசன் மகள். போரில் சிறைப்பட்டு, தன் குலத்தை மறைத்து, வாசவதத்தைக்கு அலங்காரம் செய்யும் பணிப்பெண்ணாக இருந்தாள். மகளிர் பந்தடித்து விளையாடும்போது மறைந்திருந்து கண்ட உதயணன் அவள் மேல் காதல் கொண்டான். அவளுக்குச் செய்தி அனுப்ப அவன் கண்ட வழி வியப்புக்குரியது, வெறுப்புக்கும் உரியது. வாசவதத்தை அறியாத யவன எழுத்துகளில், அவளுடைய முகத்துக் கோலத்தையே ஓலையாகக் கொண்டு செய்தி எழுதினான். மறுமொழியும் அவ்வாறே வந்தது. தன் முகமே தனக்கு எதிரான வஞ்சனைக்கு ஏடாயிற்று என்பதை அறியாமல் தேவி மகிழ்ந்திருந்தாள்.

உண்மை வெளிப்பட்டபோது அவள் சினம் எல்லை கடந்தது. மானனீகையைத் தூணில் கட்டுவித்தாள்; அவள் கூந்தலைக் கத்தரிகையால் அறுத்தெறியுமாறு ஆணையிட்டாள். அக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு அதனினும் பெரிய மானக்கேடு இல்லை. அரசன் நேரே சென்று தடுக்கத் துணியவில்லை, நண்பர்களை அனுப்பினான். வயந்தகன் வந்து கூந்தல் அறுப்பதன் முறைகளைப் பற்றிப் பேசிக் காலத்தைக் கடத்தினான். யூகி பித்தனைப் போல் வேடமிட்டு வந்து நேரம் போக்கினான். அதற்குள் கோசலத்து அரசனிடமிருந்து தூதுவர் ஓலையோடு வந்தனர். சிறைப்பட்ட தன் மகள் கோசாம்பியில் இருப்பதையும், அவள் வாசவதத்தைக்குத் தங்கை முறையினள் என்பதையும் அவ்வோலை தெரிவித்தது.

ஓலையைப் படித்த வாசவதத்தையின் கண்கள் நீர் சொரிந்தன. தன் கையாலேயே கட்டை அவிழ்த்தாள், தங்கையைத் தழுவிக்கொண்டாள், நீராட்டி அணி செய்வித்தாள். தன் தவற்றை மறைக்கவோ, பிறர் மேல் ஏற்றவோ முனையவில்லை. முடிவில் மானனீகையை உதயணனுக்கு மணம் முடித்து வைக்க அவளே முன்னின்றாள்.

மற்றைக் காப்பியங்களில் தலைவியர்

இவ்விடத்தில் வேறு சில காப்பியப் பெண்களையும் நினைத்துப் பார்த்தல் நலம். 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷ மன்னர் இயற்றிய இரத்தினாவளி நாடகத்திலும் வாசவதத்தை சினங்கொள்கின்றாள். அரசனின் காதலைப் பெற்ற சாகரிகை என்னும் பணிப்பெண்ணைச் சிறையிடுகின்றாள். இறுதியில் அவள் சிங்கள நாட்டு அரசகுமாரி என்பதும் தன் உறவினள் என்பதும் வெளிப்பட, தேவி அவளை ஏற்கின்றாள். ஆதலின் பொறாமையுற்ற அரசி என்னும் கருத்து அக்கால அவைகளுக்கு அறிமுகமானதே. நாடகத்தில் அது பெரும்பாலும் சுவைக்காக நிற்கின்றது. காப்பியத்திலோ வாசவதத்தையின் முழு வாழ்வோடும் பொருந்தி நிற்கின்றது. அவளுடைய தியாகத்தை இரு காண்டங்களில் கண்ட பின்னரே அவள் சினத்தைக் காண்கின்றோம். அதனால் அவளை வெறுக்க நம்மால் இயலவில்லை.

நம் யசோதர காவியத்தில் வரும் அமிர்தமதி வேறு வகையினள். யானைப்பாகன் ஒருவனின் இசையில் மயங்கி, அவன் உருவின் அருவருப்பையும் பொருட்படுத்தாது அவன்பால் சென்றாள். குற்றம் வெளிப்படும் என்று அஞ்சிக் கணவனுக்கும் மாமிக்கும் நஞ்சூட்டினாள். அவள் தீவினையின் பயனை நூல் கடுமையாகக் காட்டுகின்றது. ஆயினும் அக்காவியத்தை ஊன்றிப் படிப்போர் மற்றொன்றையும் காண்பர். பிறவிதோறும் துன்புறுபவர்களாக நூல் காட்டுவது நஞ்சுண்டு இறந்த யசோதரனையும் அவன் தாய் சந்திரமதியையுமே. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட எண்ணத்தாலாகிய கொலையே அவர்களைத் தொடர்ந்தது. ஒரு பெண்ணின் குற்றத்தைச் சொல்லும் கதை, குற்றமற்றவர் என்று நாம் எண்ணும் மற்றவர்களின் உள்ளத்தையும் சோதிக்கின்றது.

சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகள் நம் சமயத்துப் பெருந்தவமூதாட்டி. அவரும் வழியில் இகழ்ந்து பேசிய இருவரை நரிகளாகுமாறு சபித்தார். கண்ணகியும் கோவலனும் அச்சாபம் நீங்க வேண்டியபோது, ஓராண்டில் பழைய உரு எய்துக என்று சாபத்திற்கு எல்லை வகுத்தார். துறவியரிடத்தும் ஒரு நொடி வெகுளி எழக்கூடும் என்பதை நம் காப்பியங்கள் மறைக்கவில்லை.

இம்மூவரையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு விளங்கும். அமிர்தமதி தன் குற்றத்தை மறைக்க மேலும் பெருங்குற்றம் செய்தாள். கவுந்தியடிகள் பிறர் வேண்டத் தம் வெகுளியின் விளைவை வரையறுத்தார். வாசவதத்தையோ உண்மை அறிந்த அளவிலே தானே திரும்பினாள். குற்றம் எல்லோரிடத்தும் நிகழ்ந்தது. குற்றத்திற்குப் பின் அவரவர் எடுத்து வைத்த அடியே அவரவர் கதியை வகுத்தது.

கொங்குவேளிரின் நோக்கம்

கோபம், மானம், மாயம், உலோபம் என்னும் நான்கு கசாயங்களே உயிரைப் பிறவியில் கட்டுவன என்று ஆகமம் கூறுகின்றது. வத்தவ காண்டத்தின் இப்பகுதியில் அவற்றுள் மூன்று தெளிவாக வெளிப்படுகின்றன. வாசவதத்தையிடம் கோபமும் மானமும் எழுகின்றன. ஆனால் அவற்றைத் தூண்டியது உதயணனின் மாயம். கொங்குவேளிர் அவள் கையிலிருந்த கத்தரிகையை நமக்குக் காட்டுவதற்கு முன்னரே, அவள் முகத்தில் எழுதிய வஞ்சக எழுத்தைக் காட்டி விடுகின்றார். முன்னதைக் கண்டு பின்னதைக் காணாதவன் கதையைப் பாதியே படித்தவன் ஆவான்.

அரசர் பலரை மணப்பது அக்காலத்து வழக்கம் என்று கூறி உதயணனை விடுவித்துவிட இயலாது. தன் மனைவியோடு நிறைவுறுதல் சாவகனுக்குரிய அணுவிரதங்களுள் ஒன்று. இன்பத்தில் ஆழ்ந்து நாட்டை மறந்தவனும், மறைவாக ஒழுகி இல்லத்தில் கலகம் விளைத்தவனும் ஒருவனே என்பதைக் காப்பியம் தன் போக்கிலேயே நிறுவுகின்றது. அவனது முழு வரலாறும் துறவில் சென்று முடிவதை உதயணகுமார காவியத்தின் துறவுக் காண்டம் கூறுகின்றது. ஆசைகளின் நீண்ட வழியை நடந்து பார்த்த பின்னரே அவன் அவற்றின் எல்லையை அறிந்தான்.

வாசவதத்தையின் சினத்தைக் கொங்குவேளிர் நியாயப்படுத்தவும் இல்லை. மானனீகை சிறைப்பட்ட பெண். அரசன் விரும்பியபோது மறுக்கும் உரிமை அவளுக்கு எவ்வளவு இருந்தது? வலியவனாகிய கணவன் செய்த குற்றத்திற்கு எளியவளாகிய பணிப்பெண்ணைத் தண்டிக்க முற்பட்டதே தேவியின் பெரும்பிழை. சினம் எப்போதும் தன்னினும் வலியவரை விட்டுத் தன்னினும் மெலியவர் மேலேயே பாயும் என்னும் உண்மையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் தமிழில் வேறு சிலவே. தங்கை என்று தெரிந்தபின் தேவி இரங்கினாள். தங்கை அல்லாத ஒரு பணிப்பெண்ணாகவே அவள் இருந்திருப்பின் என்ன ஆகியிருக்கும் என்னும் வினாவைப் படிப்போர் உள்ளத்தில் நிறுத்திவிட்டுக் கதை மேலே செல்கின்றது. எல்லா உயிரும் உறவே என்று கருதும் நமக்கு அவ்வினா மிகவும் பொருந்தும்.

நாம் கற்பன

முதலாவதாக, குற்றமற்ற பெண்களின் கதைகளை மட்டுமே நம் பெண்மக்களுக்குச் சொல்லி வருதல் போதாது. அத்தகைய கதைகள் வணங்குவதற்குப் பயன்படும்; வாழ்வதற்கு முழுவதும் துணை செய்யா. சினம் வந்த ஒரு பெண், தான் என்றைக்கும் நல்லவளாக இயலாது என்று சோர்ந்து போகக்கூடும். வாசவதத்தையின் கதை அவளுக்கு மீண்டு வரும் வழியைக் காட்டும்.

இரண்டாவதாக, தவறு செய்தவரை எங்ஙனம் நடத்த வேண்டும் என்பதை இக்கதை கற்பிக்கின்றது. வாசவதத்தை கத்தரிகை எடுத்த செய்தியைக் கோசாம்பி அரண்மனையார் பின்னர் ஓயாது பேசிக் கொண்டிருக்கவில்லை. அவள் பின்னரும் தேவியாகவே மதிக்கப்பட்டாள். நரவாணதத்தனைப் பெற்ற தாயானாள். நம் இல்லங்களிலோ மருமகள் என்றோ சொன்ன ஒரு கடுஞ்சொல் இருபது ஆண்டுகள் கழிந்தும் பேசப்படுகின்றது. ஆடவரின் பெருந்தவறுகள் விரைவில் மறக்கப்படுகின்றன. பெண்ணின் சிறுதவறு அவள் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றது. தசலட்சண தருமங்களுள் முதலாவதாக உத்தம க்ஷமையை வைத்த சமயத்தைச் சேர்ந்த நாம் இதனைச் சிந்திக்க வேண்டாவா?

மூன்றாவதாக, காலம் கடத்துதலின் நன்மை. வயந்தகனும் யூகியும் தேவியோடு வாதிடவில்லை. அவளைக் குறை கூறவும் இல்லை. சில நாழிகைகளை மட்டும் கடத்தினர். அந்த இடைவெளியில் உண்மை வந்து சேர்ந்தது. கணவனும் மனைவியும் பனியன் கம்பெனிகளில் நாள் முழுதும் வேலை செய்து, களைப்போடு இரவில் வீடு திரும்பும் குடும்பங்கள் இன்று பல. களைத்த நேரத்தில் ஒரு சொல் பெரும்பூசலாகின்றது. கட்டிங் மேசையில் ஒருமுறை வெட்டிய துணியை மீண்டும் முழுத்துணியாக்க முடியாது என்பதைத் திருப்பூர் மக்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. வெட்டுவதற்கு முன் அளவு பார்ப்பது போன்றதே, சினத்திற்கும் செயலுக்கும் இடையே சிறிது பொழுதை வைப்பதும்.

நான்காவதாக, ஒரு செயலைப் பல நிலைகளினின்றும் நோக்கும் அநேகாந்தம். தேவியின் நிலை ஒன்று. மானனீகையின் நிலை மற்றொன்று. தான் வந்தபின் தலைவி மீண்டு வந்ததைப் பொறுமையோடு ஏற்ற பதுமாபதியின் நிலை பிறிதொன்று. ஒருத்தியை நல்லவள் என்றும் மற்றொருத்தியைத் தீயவள் என்றும் பிரித்து விடாமல் மூவர் உள்ளத்தையும் கொங்குவேளிர் காட்டுகின்றார். பூசல் நேர்ந்த வீட்டில் நடுநிலை பேச அமர்வோர் கற்க வேண்டிய முறை இதுவே.

நிறைவாக

கொங்கு நாட்டில் ஒருகாலத்தில் பெருகியிருந்த சமணக் குடிகள் இன்று அருகிவிட்டன. கோயில்கள் நிற்கின்றன; வழிபடுவோர் சிலரே. விசயமங்கலத்து நெட்டைக் கோபுரத்தின் வழியே பேருந்தில் செல்வோருள் அது யார் வாழ்ந்த ஊர் என்பதை அறிந்தவர் மிகச் சிலராகவே இருப்பர். திருப்பூரிலும் ஈரோட்டிலும் கோவையிலும் வாழும் நம் குடும்பத்தினர் விடுமுறை நாளொன்றில் மக்களை அழைத்துக்கொண்டு அத்திருக்கோயிலுக்குச் சென்று வருதல் வேண்டும். சந்திரப்பிரப பகவானை வணங்கி, ஐந்து உருவங்களைக் காட்டி, புளியப்பை அம்மையாரின் கல்லைக் காட்டி, வாசவதத்தையின் கதையையும் அங்கேயே சொல்ல வேண்டும்.

கசாயங்களை முழுவதும் வென்று அமைதியாக உயிர் நீத்த பெண்ணொருத்தியின் நினைவுக்கல் அவ்வூரில் உள்ளது. சினத்தில் தவறி, கண்ணீரில் தெளிந்த பெண்ணொருத்தியின் கதையும் அவ்வூரிலேயே பிறந்தது. முதலாமவர் நாம் சென்றடைய வேண்டிய இடத்தைக் காட்டுகின்றார். இரண்டாமவள் நாம் நிற்கும் இடத்திலிருந்து புறப்படும் வழியைக் காட்டுகின்றாள். இரண்டையும் நமக்கு வைத்துச் சென்ற கொங்கு மண்ணையும் கொங்குவேளிரையும் நன்றியோடு நினைப்போமாக.

வாழ்க ஜினதருமம்! வளர்க பொறையுடைமை!